நிய்யத்தும் நீரோடையும்

இரண்டு தங்கமீன்களை ஓடையில் விட்டதைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டி வருமென்று நான் நினைத்ததில்லை. ஆனால் மூன்று வருடங்களாகியும் அந்தக் காரியம் என் மனதை விட்டுப் போகவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

என் பேத்தி பெருநாள் காசைச் சேர்த்து ஒரு மீன்தொட்டி வாங்கினாள். எட்டுத் தங்கமீன்கள். கொஞ்ச நாளில் அவை ஒவ்வொன்றாக நோய்ப்பட்டன. உடம்பில் இரத்தப் புள்ளிகள், கிழிந்த செட்டைகள். காலையில் எழும்பினால் ஒன்று வயிறு மேலாக மிதக்கும். பிள்ளை அழுவாள். கடைசியில் இரண்டு மட்டும் மிஞ்சின. "மௌத்தாகிறத்துக்கு முந்திக் கொஞ்சம் நல்ல தண்ணியில நீந்தட்டுமே" என்றாள் என் மனைவி. எனக்கும் அது சரியாகவே பட்டது. அஸர் தொழுதுவிட்டு, மீன்களைத் தொட்டித் தண்ணீரோடு வாளியில் ஊற்றி எடுத்துக்கொண்டு, தேயிலை மலைக்குக் கீழே பன்ன ஓயாவுக்கு இறங்கும் சிற்றோடைக்குப் போனேன். பிஸ்மில் சொல்லி வாளியைச் சரித்தேன். இரண்டு மீன்களும் ஒரு கல்லின் நிழலுக்குள் போய் ஒதுங்கின. ஓர் உயிருக்கு இரக்கம் காட்டிய திருப்தியோடு வீடு திரும்பினேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

சில மாதங்களுக்குப் பிறகு, என்னிடம் படித்து, பின்னர் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்ற தோட்டத்துப் பிள்ளையொருத்தி வீட்டுக்கு வந்தாள். வெறும் மீன்தொட்டியைக் கண்டு விசாரித்தாள். நான் நடந்ததைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையோடுதான்.

"சேர், நான் மீனக் கேக்கல்ல. அந்த வாளித் தண்ணிய என்ன செஞ்சீங்க?"

"அதையும் ஓடையிலதான் ஊத்தினேன்."

அவள் சற்று நேரம் பேசாமலிருந்தாள். ஆசிரியரைக் கண்டித்துப் பழக்கமில்லாத பிள்ளை. பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். அன்று அவளிடம் கேட்டதையும், அதன் பின்னர் நான் தேடி வாசித்ததையும் சேர்த்தே இங்கே தருகிறேன்.

1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் தவளைகளின் சிறுநீரகப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்த அலன் கிரனோப் என்பவர், தான் தேடாத ஒரு வைரஸைக் கண்டெடுத்தார். தவளைக்குரிய 'ரானா' என்ற இலத்தீன் பெயரைச் சேர்த்து அந்தக் கூட்டத்துக்கு 'ரானா வைரஸ்' என்று பெயர் வந்தது. நீண்ட காலம் அது ஆய்வுகூடத்து விநோதமாகவே கருதப்பட்டது. பிற்பாடுதான் அதன் சுபாவம் தெரிந்தது. பொதுவாக மீனின் நோய் மீனோடும் தவளையின் நோய் தவளையோடும் நின்றுவிடும் என்றே நாம் நினைக்கிறோம். இந்தக் கூட்டத்து வைரஸ்களோ மீன், ஈரூடகவாழி, ஊர்வன என்ற மூன்று வகுப்புகளையும் பிடிக்கின்றன. தோலில் புண், உடம்பில் வீக்கம், உள்ளுறுப்புகளில் இரத்தக் கசிவு. வாற்பேய்கள் சில நாட்களிலேயே கூட்டங்கூட்டமாக இறந்துபோகும். குளிர்ந்த நீரில் இந்த வைரஸ் பல நாட்கள் தாக்குப்பிடிக்கும். சேற்றிலும் ஈர வலையிலும் சப்பாத்தின் அடியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த ஓடைக்குப் போகும். மனிதரை அது ஒன்றும் செய்வதில்லை. நம்மைத் தொடாததாலேயே அது நம் கண்ணிலும் படுவதில்லை.

2008ஆம் ஆண்டு உலக விலங்குச் சுகாதார நிறுவனம், ஈரூடகவாழிகளுக்கு வரும் ரானா வைரஸ் தொற்றை அரசாங்கங்கள் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஸ்பெயினின் வடக்கு மலைப்பகுதியில் தவளை, தேரை, சலமந்தர் என்று பல இனங்கள் ஒருங்கே சரிந்ததை 2014இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நோய்ப்பட்டவற்றைத் தின்னும் நீர்ப்பாம்பிலும் அதே வைரஸ் இருந்தது. 2015இன் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் பெலிஞ்சர் ஆற்றில் வேறொரு வைரஸ், அதுவரை எவரும் அறிந்திராத ஒன்று, அந்த ஆற்றுக்கு மட்டுமே உரிய ஆமையினத்தின் மிகப் பெரும்பகுதியைச் சில வாரங்களுக்குள் கொன்று தீர்த்தது. நாம் உண்ணும் மீனையும் இந்தப் பீடை விட்டுவைக்கவில்லை. இஸ்ரேலில் கலிலேயாக் கடல் என்னும் ஏரியில் திலாப்பியா குறைந்துபோனதைத் தேடிப் போனவர்கள் 2014இல் ஒரு புதிய வைரஸை அறிவித்தார்கள். 2017இல் உலக உணவு விவசாய நிறுவனம் அது குறித்து எச்சரிக்கை விடுத்தது. 2018இல் இந்தியாவிலும் அது பதிவாயிற்று. 1950களில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாதான் இன்று கொத்மலை உட்பட நம் நீர்த்தேக்கங்களில் வலைவீசும் ஏழைகளின் சோறு.

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது இங்கிலாந்தின் கதை. 1980களின் பிற்பகுதியிலிருந்து அந்நாட்டின் தென்கிழக்கில் வீட்டுத் தோட்டக் குளங்களில் சாதாரணத் தவளைகள் கொத்துக் கொத்தாகச் சாகத் தொடங்கின. நோய் திரும்பத் திரும்ப வந்த குளங்களில் ஏறத்தாழ பன்னிரண்டு வருடங்களுக்குள் தவளைகளின் எண்ணிக்கை நடுத்தரமாக 81 சதவீதம் வீழ்ந்ததாக 2010இல் வெளியான ஆய்வு சொல்கிறது. வைரஸ் எப்படி ஊரெங்கும் பரவியது? 2016இல் வந்த மற்றோர் ஆய்வு, அதில் மனிதரின் கைக்குப் பெரும் பங்குண்டு என்று காட்டியது. தவளை முட்டைகளையும் வாற்பேய்களையும் மீன்களையும் ஒரு குளத்திலிருந்து அள்ளி இன்னொரு குளத்தில் விட்டவர்கள் யார்? கொடியவர்களல்ல. தோட்டத்தில் குளம் வெட்டியவர்கள், தவளைகளை விரும்பியவர்கள், அயல்வீட்டுப் பிள்ளையும் பார்த்து மகிழட்டுமே என்று ஒரு வாளி முட்டையைக் கொடுத்தவர்கள். ஒவ்வொருவரும் ஒரு வாளிதான் சுமந்தார்கள்.

எனது வாளியும் அந்த வரிசையில் நிற்பதை அன்றிரவு கண்டேன்.

என் மீன்களுக்கு வந்த நோய் எதுவென்று எந்த ஆய்வுகூடமும் பார்க்கவில்லை. தங்கமீனைக் கொல்லும் நோய்கள் பல. 1990களில் யப்பானில் இனங்காணப்பட்ட ஹேர்ப்பிஸ் வைரஸ் ஒன்று தங்கமீன்களைக் கூட்டாகக் கொல்வது. சாதாரணப் பக்டீரியாவும் அதே புண்களை உண்டாக்கும். பெரும்பாலும் என் வாளியால் எந்தத் தவளையும் சாகாதிருக்கலாம். ஆனால் அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் தூங்கலாமா என்பதே என் கேள்வி.

நம் ஆறுதல் வாசகம் எல்லோருக்கும் தெரிந்ததே: செயல்கள் நிய்யத்தைப் பொறுத்தவை. ஹதீஸ் கிரந்தத்தின் வாசலிலேயே இமாம் புகாரி நிறுத்தி வைத்திருக்கும் போதனை அது. என் நிய்யத்து இரக்கம். ஆகவே பாவமில்லை. இதை நான் நம்புகிறேன். ஆனால் பாவமில்லை என்பதும் கடனில்லை என்பதும் ஒன்றா?

நமது பிக்ஹு அறிஞர்கள் இவ்விரண்டையும் பிரித்தே வைத்தார்கள். தூக்கத்தில் புரண்டு பிறன் பொருளை உடைத்தவனுக்குக் குற்றமில்லை. எழுதுகோல் அவனிலிருந்து உயர்த்தப்பட்டிருக்கிறது. ஆனால் உடைந்த பொருளுக்கு அவன் ஈடு கொடுக்க வேண்டும். அதற்கு 'ழமான்' என்று பெயர். தவறுதலாக ஒரு முஃமினைக் கொன்றவன் கொலைகாரனல்லன். ஆயினும் சூறா அந்நிஸா அவனை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பவில்லை. நட்டஈடும் பரிகாரமும், இயலாதவனுக்கு இரண்டு மாத நோன்பும் விதிக்கிறது. இன்னும் நெருங்கிய உதாரணம் ஹஜ்ஜில் இருக்கிறது. இஹ்ராம் அணிந்தவன் வேட்டைப் பிராணியைக் கொன்றால் ஈடு செய்ய வேண்டும் என்று சூறா அல்மாயிதா சொல்கிறது. வேண்டுமென்றே கொன்றவனைப் பற்றியே வசனம் பேசினாலும், தவறுதலாகக் கொன்றவனும் ஈடு கொடுக்க வேண்டுமென்பது நம் ஷாபிஈ மத்ஹபு உட்படப் பெரும்பான்மை இமாம்களின் கருத்து. அங்கே செத்தது ஒரு மான். கொன்றவன் மனதில் வன்மமில்லை. இருந்தும் ஒரு கணக்கு எழுதப்படுகிறது.

இதன் பொருள் என்ன? நிய்யத்து என்னைப் பற்றிய விசாரணை. ஈடு என்பது, எனக்கு வெளியே ஓர் உயிருக்கோ உடைமைக்கோ நேர்ந்ததைப் பற்றிய விசாரணை. நான் நல்லவனா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், பாதிக்கப்பட்டவன் என் பார்வையிலிருந்து விழுந்துவிடுகிறான். நல்ல நிய்யத்துக்காரர்கள் நிறைந்த ஊரில் தவளைகள் ஏன் சாகின்றன என்பதற்கு இதுவும் ஒரு விடை.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: நோயைக் கொடுப்பவன் அல்லாஹ், வாளியா கொடுக்கிறது? ஒரு நாட்டுப்புறத்து அறபி நபி (ஸல்) அவர்களிடம் இதையே வேறுவிதமாகக் கேட்டார். மான்களைப் போலத் துள்ளித் திரியும் தன் ஒட்டகங்களுக்கிடையே சொறி பிடித்த ஒட்டகமொன்று வந்து கலந்ததும் எல்லாமே சொறி பிடித்துவிடுகின்றனவே என்பது அவரது முறையீடு. அப்படியானால் முதல் ஒட்டகத்துக்கு அதைக் கொடுத்தது யார் என்று நபியவர்கள் திருப்பிக் கேட்டார்கள். இந்த ஹதீஸை மட்டும் தூக்கிப் பிடித்து, தொற்று என்பதே கிடையாது என்று வாதிடுவோர் அன்றுமிருந்தார்கள், இன்றுமிருக்கிறார்கள். ஆனால் அபூஹுறைரா (ரழி) அவர்கள் வாயிலாகவே இன்னொரு கட்டளையும் நமக்கு வந்திருக்கிறது: நோயுள்ள ஒட்டகங்களின் சொந்தக்காரர் அவற்றைச் சுகமான ஒட்டகங்களிடம் கொண்டுபோகக் கூடாது.

இமாம் நவவியும், தம் புதல்வியர் மூவரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்த இப்னு ஹஜர் அல்அஸ்கலானியும், இவ்விரு ஹதீஸ்களையும் முரணின்றி விளங்கும் வழிகளைத் தேடியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பொருந்திப்போன விளக்கம் இது: முதலாவது ஹதீஸ் நம் நம்பிக்கையைத் திருத்துகிறது, நோய் தன் சுயபலத்தால் இயங்கும் ஒரு கடவுளல்ல. இரண்டாவது நம் நடத்தையைத் திருத்துகிறது. காரணங்களின் உலகில் வாழும் நீ, உன் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்துக்கொள். முதல் ஒட்டகத்துக்கு யார் கொடுத்தது என்பது றப்பின் காரியம். இரண்டாவது ஒட்டகத்திடம் கொண்டுபோவது என் காரியம். அந்தக் கட்டளை மனிதரின் உடல்நலத்தைப் பற்றியதல்ல, மிருகங்களின் உடல்நலத்தைப் பற்றியது என்பதையும் கவனியுங்கள். இதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். வாளியைத் தூக்கிய அன்று நினைவுக்கு வரவில்லை. ஒட்டகம் என்று சொல்லப்பட்டதால், மீனுக்கு அது பொருந்துமென்று என் மூளைக்குப் படவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. அதை எளிதாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. "லயத்தில மனுசன் இருக்கிற இருப்பப் பாருங்க, தவளைக்கு வந்த நோயப் பேசுறீங்களே" என்று பஸாரில் ஒருவர் கேட்டார். கேட்டவர் கொழுந்து நிறுக்குமிடத்தில் வாழ்நாளைக் கழித்தவர். அவர் வாயை அடைக்க எனக்கு உரிமையில்லை.

நோய்த் தடுப்பு என்ற பெயரில் இந்நாட்டில் எளியவர்கள் பட்டதை நாமும் அறிவோம். நூறு வருடங்களுக்கு முன்னர், அவருடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து இந்த மலைகளுக்கு வந்தபோது, மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, மருந்துக் குளியலும் சோதனையும் முடிந்த பின்னரே கப்பலேற்றப்பட்டார்கள். கூலியாட்களுக்கு இருந்த அந்தச் சோதனை துரைமாருக்கு இருக்கவில்லை. நமது சமூகத்தின் காயமோ இன்னும் ஆறவில்லை. 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி அறிவித்தல், கொவிட்டினால் மௌத்தானவர்களைத் தகனம் செய்தேயாக வேண்டும் என்றது. அடக்கினால் நிலத்தடி நீரில் வைரஸ் கலந்துவிடும் என்று காரணம் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்ய அனுமதித்திருந்தும் காது கொடுக்கவில்லை. பிறந்து இருபது நாளேயான சிசுவின் ஜனாஸாகூட எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. மார்ச்சில் ஓட்டமாவடியின் மண் நம் ஜனாஸாக்களை ஏற்கத் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்தவர்கள் எரிந்தவர்கள்தான்.

தண்ணீரில் வைரஸ் என்ற சொற்றொடரைக் கேட்டாலே நம்மில் பலருக்கு உடம்பு நடுங்குவது அதனால்தான். என் மாணவி அந்தச் சொற்களைச் சொன்னபோது எனக்குள் முதலில் எழுந்ததும் கோபமே. இன்னொரு கட்டுக்கதையா என்றுகூட நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். நமக்கு இழைக்கப்பட்ட அநியாயம் முன்னெச்சரிக்கையா? இல்லை. ஆதாரம் எதிராக இருந்தபோதும் எளியவன்மேல் சுமத்தப்பட்ட பாரம் அது. முன்னெச்சரிக்கை என்பது ஆதாரத்தைப் பார்த்து, கைப்பலமுள்ளவன் தன் கையைத்தானே கட்டிக்கொள்வது.

உமர் (ரழி) அவர்கள் ஷாம் தேசத்து எல்லையில் சர்ஃ என்னுமிடத்தில் நின்ற காட்சியை எண்ணிப் பாருங்கள். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில் அங்கே கொள்ளைநோய். ஆலோசனைகள் கேட்டு, படையோடு திரும்பத் தீர்மானிக்கிறார்கள். அல்லாஹ்வின் கத்ரிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரழி) கேட்கிறார்கள். ஆம், அவனது ஒரு கத்ரிலிருந்து அவனது இன்னொரு கத்ரின்பால்தான் போகிறோம் என்ற கருத்தில் கலீபா பதில் சொல்கிறார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரழி) வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழைய வேண்டாம், நீங்கள் இருக்கும் ஊரில் வந்தால் தப்பியோட வேண்டாம் என்ற நபிமொழியை அறிவிக்கிறார்கள். அங்கே எவருடைய ஜனாஸாவும் பறிக்கப்படவில்லை. ஆட்சியாளர் தம் பயணத்தைத்தான் நிறுத்திக்கொண்டார்.

தவளைகளின் விடயத்தில் பாரம் எங்கே விழவேண்டுமென்பது இதிலிருந்து தெளிவாகிறது. கொழுந்து பறிப்பவளின் தலையிலல்ல. அவள் நோயுற்ற எந்த உயிரையும் கடல் கடந்து கொண்டுவரவில்லை. அலங்கார மீன் வளர்க்கும் என்னைப் போன்றவர், அதை விற்பவர், இறக்குமதி செய்பவர், ஓர் அருவியில் இறங்கிய ஈரச் சப்பாத்தோடு அடுத்த அருவிக்கு வாகனமேறும் உல்லாசப் பயணி ஆகியோரின் தலையில்தான் விழவேண்டும். உயிர்களை இடம் மாற்றுகிறவனே கயிற்றைப் பிடிக்க வேண்டியவன்.

மனிதனா தவளையா என்ற கேள்வியும் இந்த மலைநாட்டில் அவ்வளவு நேரானதல்ல. 1869இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு என்ற பங்கஸ் நோய் கண்டது. இலையின் அடியில் ஒரு மஞ்சள் பொடி. அதைப் பெரிதாக எடுக்காதவர்கள் இருபது வருடங்களுக்குள் கோப்பியை இழந்தார்கள். மலைகள் தேயிலைக்கு மாறின. இறம்பொடையில் இன்று நாம் காணும் பச்சை, லயங்கள், ரவுணில் கடை போட்ட நம் மூதாதையர் எல்லாமே அந்த மஞ்சள் பொடிக்குப் பின்னால் வந்தவை. யாரும் கவனிக்காத ஓர் உயிரின் நோய் மனிதரின் விதியை எப்படிப் புரட்டும் என்பதற்கு வேறெங்கும் சாட்சி தேட வேண்டியதில்லை. நாளை கொத்மலைத் திலாப்பியாவுக்கு நோய் வந்தால் முதலில் பட்டினி கிடப்பவர் யாரென்று பஸாரில் கேட்டவருக்கும் தெரியும்.

ஆனால் மனிதனுக்கு உதவுகிறது என்பதற்காக மட்டுமே தவளைக்காகப் பேசினால், நான் பாதிதான் பேசியவனாவேன். ஹிஜ்ரி 660இல் வபாத்தான ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம், மனிதர்மீது மிருகங்களுக்குள்ள உரிமைகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். அவற்றிலொன்று, தன் இனத்தாலோ வேறு இனத்தாலோ ஊறு விளையும் இடத்தில் அதைச் சேர்த்து வைக்காதிருத்தல். அவர் முட்டும் மாட்டையும் உடைக்கும் கொம்பையும் மனதில் வைத்து எழுதியிருப்பார். என் வாளிக்கும் அது பொருந்துகிறது. மருந்துக்காகத் தவளையைக் கொல்லலாமா என்று ஒரு வைத்தியர் கேட்டபோது நபியவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் பதிவுண்டு. எறும்பொன்று கடித்ததற்காக ஒரு புற்றையே எரித்த முற்கால நபியொருவர், இறைவனைத் துதிக்கும் ஓர் உம்மத்தை அழித்ததாகக் கண்டிக்கப்பட்டார் என்ற செய்தியும் நமக்குத் தெரிந்ததே. பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற உம்மத்துகள் என்று சூறா அல்அன்ஆம் சொல்கிறது. உம்மத்து என்றால் அதற்கு ஊருண்டு, சந்ததியுண்டு, அழிவுமுண்டு.

இந்த மலைகளின் உம்மத்துகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நான் கற்பித்தது மிகச் சொற்பம். இறம்பொடையின் பெயரையே தாங்கிய ஒரு பல்லியினம் இருப்பதை என் மாணவி சொல்லித்தான் அறிந்தேன். 2005இல் பதுவிட்ட என்பவரும் நம்மவரான பாஹிரும் சேர்ந்து அதை உலகுக்கு விவரித்தார்கள். அதே ஆண்டு பாஹிரும் சகாக்களும் இலங்கையின் புதர்த்தவளைகள் இனம்பெருக்கும் விதத்தையும் எழுதினார்கள். அவற்றின் முட்டையிலிருந்து வாற்பேய் வருவதில்லை. நகமளவான முழுத் தவளையே வருகிறது. இலங்கையில் நூற்றுக்கு மேற்பட்ட ஈரூடகவாழி இனங்கள் இருப்பதாக 2002இல் நம் ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். கூடவே ஒரு துக்கச் செய்தியும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிடித்து ஐரோப்பிய நூதனசாலைகளின் போத்தல்களில் வைக்கப்பட்டவற்றில் ஏறத்தாழ இருபது இனங்களை இப்போது காட்டில் காணவில்லை. காடழித்துத் தோட்டமிட்டதே அதற்குப் பெருங்காரணமாகச் சொல்லப்படுகிறது. கேலார்ட் என்ற வைத்தியர் 1853இல் நுவரெலியாவிலிருந்து விவரித்த புள்ளித்தவளையும் அப்படித் தொலைந்ததாகவே எண்ணப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு 2009இல் அது பாவா ஆதம் மலைக் காட்டில் மீண்டும் காணக் கிடைத்தது. தேயிலைக்குத் தப்பி, ஒரு துண்டுக் காட்டுக்குள் ஒளிந்திருந்த சிறு கூட்டம். அவ்வளவு சிறிய கூட்டத்துக்கு ஒரு வாளி போதும்.

தவ்பாவுக்கு நிபந்தனைகள் உண்டு. பாவத்தை விடுதல், வருந்துதல், மீளாதிருக்க உறுதிகொள்ளல். பிறருடைய உரிமை சம்பந்தப்பட்டால் அதைத் திருப்பிக் கொடுத்தலும் சேரும். ஓடையிடம் போய் நான் எதைத் திருப்பிக் கொடுப்பேன்? ஊற்றிய தண்ணீரை அள்ள முடியாது. அது பன்ன ஓயாவில் சேர்ந்து, 109 மீற்றர் உயர நீர்வீழ்ச்சியாய் விழுந்து, கொத்மலை நீர்த்தேக்கத்தில் தங்கி, மகாவலியோடு மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவுக்கே போய்விட்டது. எந்தத் தவளைக்கு அநியாயம் நடந்தது, நடந்ததா என்பதும் எனக்கு வெளிப்படப் போவதில்லை. ஈடு செய்ய முடியாத கடனுக்கு ஈடு, அந்தக் கடனை இன்னொருவர் சுமக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே ஊர்ப் பிள்ளைகளுக்கும் கடைக்காரருக்கும் இதைச் சொல்லி வருகிறேன். தொட்டி மீனை ஓடையிலோ குளத்திலோ விடாதீர்கள். வளர்க்க முடியாவிட்டால் வளர்க்கக் கூடியவரிடம் கொடுங்கள். செத்த மீனைத் தண்ணீரில் எறியாமல் நிலத்தில் புதையுங்கள். தொட்டித் தண்ணீரை, முடிந்தால் குளோரின் தூள் கலந்து ஒரு நாள் வைத்து, ஓடைக்கு வழியில்லாத மண்ணில் ஊற்றுங்கள். வலையையும் சப்பாத்தையும் சேறு போகக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஓரிடத்துத் தவளையை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், அது பாவம் என்று தோன்றினாலும். பல தவளைகளோ மீன்களோ ஒன்றாய்ச் செத்துக் கிடக்கக் கண்டால் வனசீவராசிகள் அலுவலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ சொல்லுங்கள். இவையெல்லாம் சின்னக் காரியங்கள். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் நாம் சின்னக் காரியமாகத்தான் செய்கிறோம். அது ஈமானின் ஒரு கிளை.

வாளியைத் தூக்கிய நாளில் நான் அறியாதவன். அதனால் அன்று பாவமில்லை என்று இன்னமும் நம்புகிறேன். அடுத்த முறை அதே வாளியைத் தூக்கினால் அது அதே செயலாக இருக்காது. இதை வாசித்த பின்னர் உங்களுக்கும் அப்படித்தான்.

போன மழைக்காலத்தில் மஃரிபுக்குப் பின் பேத்தியோடு அந்த ஓடைக்கரைக்குப் போனேன். தவளைகள் சத்தமிட்டுக்கொண்டிருந்தன. முன்னரைவிடக் கூடவா குறைவா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. மீன்களை விட்ட நாளுக்கு முன்னர் நான் ஒருபோதும் அவற்றுக்குக் காது கொடுத்ததில்லை. "நம்மட மீன் ரெண்டும் இன்னும் இதிலயா இருக்கு?" என்று பிள்ளை கேட்டாள். தெரியாது மகள் என்றேன். அவள் டோர்ச்சை ஓடையை நோக்கி அடித்தாள். சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். கற்களும் தண்ணீரும்தான் தெரிந்தன.